அவன் குரலில் என் அம்மா

எங்கள் ஊரில் பையன்கள் ராப் பாடும் அறையில் பெண்ணுக்கென்று ஒரு வேலை உண்டு. "ஓ... ஓ..." என்று இழுக்க வேண்டும். அவர்கள் உலகத்தையே திட்டி முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் நாம் வந்து மெல்லிசாக இழுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஹூக் என்று பெயர். ஒன்றரை வருஷம் நான் அந்த ஓ ஓவை இழுத்தேன். நன்றாகத்தான் இழுத்திருப்பேன், இல்லையென்றால் இரண்டாவது பாட்டிலேயே அனுப்பியிருப்பார்கள்.

அந்த அறை செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் இருந்தது. தரைத்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம், நடுவில் இரண்டு மாடியும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மாத வாடகை. அவர்கள் கண்ணை மூடி மௌனத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் தலைக்கு மேலே நாங்கள் கத்திக்கொண்டிருப்போம். கட்டடம் எங்கள் கேங்கின் தலைவனுடைய அப்பாவுக்குச் சொந்தம். அதனால்தான் அவன் தலைவன், வேறு காரணம் எதையும் நான் கண்டதில்லை. சுவரெல்லாம் பழைய கம்பளிகளை ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். ஒரு மைக், ஒரு லேப்டாப், ஒரு மெத்தை. ரெக்கார்டிங்கில் சத்தம் விழும் என்று மே மாசத்திலும் ஃபேன் போட மாட்டார்கள். தலைவனோடு சேர்த்து மூன்று பையன்கள், நான் ஒருத்தி. அவர்களுக்குள் ப்ரோ என்பார்கள். நான் சிஸ்.

இந்தச் சிஸ்ஸில் நான் முதலில் நன்றாக ஏமாந்தேன். மரியாதை என்று நினைத்துவிட்டேன். தங்கச்சி ஆகிவிட்டால் அண்ணன்மார்களும் கூடவே வந்துவிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. "சிஸ், அந்த டாப்பு வேணாம், வீடியோல கமெண்ட்டு தப்பா வரும்." "சிஸ், நீ லைவ்ல வராத, பசங்க இன்னா வேணா பேசுவானுங்க." இதைச் சொன்ன அதே வாயால் அடுத்த நிமிஷம், தன்னைக் கழற்றிவிட்டுப் போன எவளோ ஒருத்தியைப் பற்றிக் காது கூசுகிற மாதிரி எட்டு வரி பாடுவார்கள். நான் முகத்தைச் சுளித்தால், "பாட்டுக்குத்தான் சிஸ், உன்னச் சொல்லல" என்பார்கள். என்னைச் சொல்லவில்லை என்று நான் சந்தோஷப்பட வேண்டும். அப்படிச் சில நாள் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பின்னே எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். எனக்கு ராப் என்றால் உயிர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் மனு டைப் அடிக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் விடிந்ததும் கூட்டம் வந்துவிடும். பட்டா, முதியோர் பணம், வரப்பை வெட்டிவிட்ட பக்கத்து நிலத்துக்காரன், வீட்டைவிட்டுத் துரத்திய மகன். ஒவ்வொருவரும் அரைமணி நேரம் அழுதுகொண்டே சொல்வதை நான் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். இரண்டாவது பக்கத்தை அதிகாரி திருப்ப மாட்டார். எந்த வரியில் கண்ணீர் வர வேண்டும், எந்த வரியில் சர்வே எண் வர வேண்டும் என்பதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. கடைசியில் எல்லா மனுவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்றுதான் முடியும். அந்தத் தாழ்மையை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ தெரியாது.

முதன்முதலாக ஒரு ராப் பாட்டைக் காதில் மாட்டிக் கேட்டபோது, அட, இவனும் மனுதானே போடுகிறான், ஆனால் கும்பிடாமல் போடுகிறான் என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிற பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ சுலோகம் சொல்கிறேன் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்காருவார்கள். கடையில் மத்தியானம் டிபன் டப்பாவை மூடியதும், தப்பாக பிரிண்ட் ஆன மனுக்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். முன்பக்கம் யாருடையதோ ரேஷன் கார்டு கஷ்டம், பின்பக்கம் என் வரிகள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் சைஃபர் நடக்கும். வட்டமாக நின்றுகொண்டு பீட்டை ஓடவிட்டு, ஒருவன் விட்ட இடத்தில் அடுத்தவன் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் அவமானம். வட்டம் சுற்றி என்னிடம் வரும்போது மட்டும் யாருக்காவது தாகம் எடுத்துவிடும். "டீ சொல்லலாமா ப்ரோ?" இன்னொருவனுக்கு போன் வந்துவிடும். ஒருநாள் விடாப்பிடியாக நாலு வரி பாடி முடித்தேன். "செம க்யூட்டா இருக்கு சிஸ்" என்றான் ஒருவன். நான் பாடியது பஸ்ஸில் கூட்டத்தைச் சாக்காக வைத்து இடிக்கிறவனின் கையை உடைப்பது பற்றி. அதில் எந்த வரி க்யூட் என்று கேட்டேன். "கோவப்படறதும் க்யூட்டாதான் இருக்கு" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். தலைவன் சமாதானமாக, "ரைமிங்லாம் உனக்கு நல்லா வருது சிஸ். வாய்ஸ்ல வெயிட்டு கம்மி" என்றான்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அம்மா அதே செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் சமையல் செய்கிறாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு மிளகாய் இல்லாத சாம்பார், உப்பு கம்மியாகக் காய்கறி, காலையில் ஓட்ஸ் கஞ்சி. அவர்களில் யாராவது தமிழில் ஒரு வார்த்தை பேசிவிட்டால் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். வெட்கம் என்று அவர்கள் நினைத்து போட்டோ எடுப்பார்கள். அம்மாவுக்கு முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது.

நான் பிளஸ் டூ படிக்கும்போது நடந்தது அது. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். குடித்துவிட்டு வண்டி எடுக்கக் கூடாது என்று அம்மா சாவியை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தாள். கையிலிருந்த டார்ச் லைட்டால் அப்பா அம்மாவின் வாயில் அடித்தார். நான் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் பெரியாஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள் அம்மா. சீட்டு எழுதியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் அப்போது பாத்ரூமே கிடையாது. பின்னால் ஓலைத் தட்டி, கீழே சொரசொரப்பான கருங்கல்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத பாப்பா. நாளைக்கு உனக்கு மாப்ள பாக்கணும்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்குள்கூட அந்தப் பேச்சு வந்ததில்லை. அப்பா இப்போது முன்பு மாதிரி இல்லை, கம்மியாகிவிட்டது என்று அம்மா சொல்வாள், காய்ச்சல் கம்மியான மாதிரி. நானும் ஆமாம் என்பேன். ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே தட்டில் சாப்பிடுகிற இரண்டு பேர் ஒரு விஷயத்தைப் பற்றி இத்தனை வருஷம் பேசாமல் இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

பேச முடியாததைப் பாட்டாக எழுதினேன். ஒரே மத்தியானத்தில் பதினாறு வரி வந்தது. எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை, நாலு வரி போதும்.

சிரிச்சா வாயப் பொத்திக்கும் எங்கம்மா கையி
அந்தக் கைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு ஒரு பொய்யி
வழுக்கி விழுந்ததா எழுதியிருக்கு சீட்டுல
வழுக்குற தரையே கிடையாது எங்க வூட்டுல

கடைசி இரண்டு வரி இப்படி முடியும்.

உன் வாய மூடுன கையால என் வாய மூடாத
ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும்மா, ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடாத

அந்த இரண்டு வரிக்காகத்தான் மற்ற பதினாலும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இதை என் குரலில் அம்மா கேட்க வேண்டும். நேரில் உட்காரவைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. பாட்டாகி, பீட் ஏறி, போனில் வந்தால் கேட்பாள். கேட்டுவிட்டு என்னை நாலு அறை அறைந்தாலும் சரி, அன்றைக்காவது அதைப் பற்றிப் பேசியாக வேண்டும் அல்லவா? அதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

அந்தச் சமயம் சென்னையில் யாரோ பாட்டுப் போட்டி ஒன்று அறிவித்திருந்தார்கள். கேங்குக்கு ஒரு பாட்டு அனுப்பலாம். தலைவன் ஒரு வாரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான். நான் என் காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மைக்கைக் காட்டினான்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதினாலும் முதலில் அவர்களே ஒரு தடவை பாடி வைத்துவிட வேண்டும். பீட்டில் எந்த வார்த்தை எங்கே விழுகிறது, எங்கே மூச்சு என்று அதைக் கேட்டு மற்றவர்கள் படித்துக்கொள்வார்கள். அதற்குக் கைடு என்று பெயர். கடைசியில் யார் குரல் நிற்கும் என்பதைத் தலைவன் முடிவு செய்வான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பாடினேன். இதை ஒரு தடவை கேட்டுவிட்டால் வேறு குரலைப் போட எவனுக்கும் மனசு வராது என்று நினைத்தேன். அவ்வளவு கர்வம் எனக்கு, அவ்வளவு மடத்தனம். என் பேரில் என் போனிலிருந்து நானே முதலில் போட்டிருக்கலாம். பெரியப்பா பையன்கள் பார்த்துவிடுவார்களே என்று பயந்தேன். கேங்கின் பெயரில் வந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும், அம்மாவுக்கு மட்டும் நான் போட்டுக் காட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அறிவு கெட்டவள்.

ஒரே டேக்கில் பாடி முடித்தேன். அன்றைக்கு யாருக்கும் டீ ஞாபகம் வரவில்லை. தலைவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபைல இங்கயே வெச்சிட்டுப் போ சிஸ், நான் பாத்துக்கறேன்" என்றான். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அன்றைக்கு நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததே தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, போட்டிக்கு அனுப்பிய கையோடு கேங்கின் பக்கத்திலும் பாட்டு வந்தது. கடையில் எதிரே ஒரு பெரியவர் பட்டா மாறுதலுக்கு உட்கார்ந்திருந்தார். ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவருக்கு அடித்துக்கொண்டே கேட்டேன். தலைவன் குரல். எங்கம்மா கையி என்று அவன் பாடுகிறான். நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, நான் அழுத்திய வார்த்தையை அழுத்தி, என் கைடை அப்படியே போட்டுப் படித்திருக்கிறான். கடைசி இரண்டு வரி இல்லை. அந்த இடத்தில் அம்மா நீதான் தெய்வம் என்று நாலு தடவை வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல் ஓ ஓ என்று இழுக்கிறது. அது என் குரல்தான். பழைய பாட்டு ஒன்றுக்காக நான் இழுத்ததை வெட்டி எடுத்து ஒட்டியிருந்தான். பெரியவர், "இன்னாமா, கை நின்னுடுச்சி?" என்று கேட்டார்.

கடைக்காரரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துச் செங்கம் ரோட்டுக்குப் போனேன். கீழே தலைவனுடைய அம்மாதான் கதவைத் திறந்தார். நல்ல மனுஷி. என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "பாட்டக் கேட்டியாமா? என்னப் பத்திப் பாடியிருக்கான்னு எல்லாம் போன் மேல போன்" என்று பூரிப்போடு சிரித்தார். முப்பத்திரண்டு பல்லும் முழுசாக இருந்தது. மோரை வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

மேலே தலைவன் கோபப்படவே இல்லை. அவன் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பொறுமையாக விளக்கினான்.

"யோசிச்சிப் பாரு சிஸ். ஒரு பொண்ணு இதப் பாடுனா, குடும்ப விஷயத்த வெளிய கொட்டறா, வளர்ப்பு சரியில்லனு சொல்லுவாங்க. பையன் பாடுனா அம்மா செண்டிமெண்ட்டு. வரி ஒண்ணுதான். ஜனங்க அப்டித்தான் எடுத்துப்பாங்க. உன்னக் காப்பாத்திதான் விட்டிருக்கேன்."

"கடைசி ரெண்டு வரி எங்க?"

"அது பையனுக்கு செட் ஆவல. அம்மாவப் போயி அப்டி கேள்வி கேக்க முடியுமா?"

"எழுதுனது நான்னாவது போட்டியா?"

போட்டிருந்தான். வீடியோவுக்குக் கீழே, மைக் வாடகைக்குக் கொடுத்த கடைக்கு அடுத்தபடியாக, ஸ்பெஷல் தேங்க்ஸ் டு சிஸ் என்று இருந்தது. பெயர் இல்லை. அதைக் காட்டிவிட்டு, "அடுத்த பாட்டுல உனக்குப் பெரிய ஹூக்கு" என்றான். நான் அவனை அடித்திருக்க வேண்டும். படியிறங்கி வந்து தெருவில் நின்று அழுதேன். ஒரு வெள்ளைக்காரம்மா நின்று, ஏதோ ஞானம் கிடைத்து அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

பாட்டு ஊரெல்லாம் ஓடியது. கமெண்டுகளை நான் ஒன்றுவிடாமல் படித்தேன், புண்ணைக் கிள்ளிக்கொள்வதைப் போல. தலைவா அழவச்சிட்ட. உன்ன மாதிரி ஒரு புள்ள போதும் அந்தத் தாய்க்கு. இவர்கள், பெண்களைத் திட்டி அவன் பாடிய பழைய பாட்டுகளுக்குக் கைதட்டிய அதே ஆட்கள். அவர்களுக்கும் அம்மா இருக்கிறாள், சிஸ் இருக்கிறாள். மீதி இருக்கிற பெண்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு காலேஜ் விழாவில் யார் வேண்டுமானாலும் மேடை ஏறிப் பாடலாம் என்று போட்டிருந்தார்கள். போனேன். பெரியப்பா பையன்களாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது எனக்கு. மைக்கைப் பிடித்து முதல் வரி பாடியதும் கூட்டம் கத்தியது. எனக்காகக் கத்துகிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். அவர்கள் கூடவே பாடினார்கள். அவன் பாட்டாகத்தான். நாலாவது வரியில் ஒருத்தன் "காப்பி!" என்றான். இன்னொருத்தன், "சொந்தமா எழுது சிஸ்டர்!" ராப்பில் அடுத்தவன் வரியை எடுத்துப் பாடுவதைவிடக் கேவலம் கிடையாது. அந்தக் கேவலம் என் தலையில் விழுந்தது, நான் எழுதிய வரிக்காக.

பாட்டை நிறுத்திவிட்டு, "இது என் பாட்டு. இது எங்கம்மா" என்று மைக்கில் கத்தினேன். "ஏன், உங்கம்மாவுக்கும் பல்லு போயிடுச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. விழா நடத்துகிறவன் ஓடிவந்து, அண்ணனோட பாட்டுக்கு இப்படி ஒரு ஃபேன் என்று ஏதோ சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டான். கடைசி இரண்டு வரி என் வாயிலேயே நின்றுவிட்டது. தலைவனுக்கு யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அதைத் தன் பக்கத்தில் போட்டு, யாரும் திட்டாதீங்க, நம்ம சிஸ்தான், மன அழுத்தத்துல இருக்காங்க என்று எழுதினான். அந்தப் பெருந்தன்மைக்கும் அவனுக்குப் பாராட்டு குவிந்தது.

நீ பாடிய கைடு இருக்குமே, தேதியோடு காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். லேப்டாப்பில் வைத்துவிட்டு வந்தேன், என்னிடம் இல்லை. மனுவின் பின்பக்கத்தில் எழுதிய காகிதம் இருக்கிறது. பாட்டு வந்தபிறகு நானே பார்த்து எழுதிக்கொண்டது என்றால் போயிற்று.

ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம், கை தானாக அடிக்க ஆரம்பித்தது. அனுப்புநர் என்று போட்டு என் பெயரை அடித்தேன். பொருள்: நான் எழுதிய பாட்டை என் குரலில் பாட அனுமதி வேண்டுதல். ஐயா, மேற்படி பாட்டில் வரும் தாய் என்னுடைய தாய். மேற்படி பல் என்னுடைய தாயின் பல். ஒரு பக்கத்தில் அழகாக அடங்கிவிட்டது. பெறுநர் என்ற இடத்தில் என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை. எந்தக் குறைக்கு எந்த ஜன்னல், எந்த அதிகாரி, எந்தக் கிழமை என்று இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் கம்மி. வாசகத்தைத் திரும்பப் படித்தபோது கடைசி வரியில் தாழ்மையுடன் என்று என்னை அறியாமல் அடித்திருந்தேன். அழித்துவிட்டு மானிட்டரை அணைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா லோடு எடுத்துக்கொண்டு போளூர் பக்கம் போயிருந்தார். அம்மாவுக்கு லீவு. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், "உன் போன்ல ஒரு பாட்டு போடு பாப்பா" என்றாள். என் அம்மா வாழ்நாளில் என்னிடம் பாட்டுப் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இன்னா பாட்டுமா?"

"ரூம் க்ளீன் பண்ற பொண்ணு போட்டுக் காட்டுச்சி. அவங்கம்மா பல்லப் பத்தி ஒரு பையன் பாடறானே, அது. நம்ம ஊருப் பையனாமே."

போட்டேன். அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சீட்டு வரி வந்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். முடியும்வரை எடுக்கவே இல்லை.

"பெத்தா இப்டி ஒரு புள்ளயப் பெக்கணும்" என்றாள். "ஆம்பளப் புள்ளயா இருந்தும் அவங்கம்மா கஷ்டம் தெரிஞ்சிருக்கு பாரு."

பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இத்தினி வருஷமா நம்ம வூட்ல மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாப்பா. ஆஸ்பத்திரில அப்டியே என்ன மாதிரியே சொல்லியிருக்கா அந்தம்மா. ஆசிரமத்தாண்டதான் வூடாமே அவங்களுக்கு. ஒருநாள் போயிப் பாக்கணும். பேசணும்னுலாம் இல்ல. சும்மா ஒரு வாட்டி மூஞ்சப் பாத்துட்டு வந்துடணும்."

நான் கேட்டது நடந்துவிட்டது. அம்மா பேசிவிட்டாள். என் பாட்டுதான் பேசவைத்தது. ஆனால் அவள் பேசுவது என்னோடு இல்லை. இல்லாத ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். விட்டால் நாளைக்கு வேலை முடிந்து அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள், அந்தப் பல்வரிசை கதவைத் திறக்கும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அது நீதான்மா" என்றேன். "நான் எழுதுனது. அவன் என்கிட்ட எடுத்துப் பாடிட்டான்."

நம்பாத மாதிரி பார்த்தாள். பீட் இல்லாமல், சத்தம் இல்லாமல், கடைசி இரண்டு வரியையும் சொல்லிக் காட்டினேன். சுருதி போய்விட்டது, அழுகைதான் வந்தது. நான் ஆசைப்பட்ட விதத்தில் அது என் குரலே இல்லை.

"அப்போ அந்தம்மானு ஒருத்தி இல்லியா?" என்றாள்.

"இல்லமா."

அவ்வளவு வாடிப்போன முகத்தை டார்ச் லைட் விழுந்த அன்றைக்குக்கூட நான் பார்த்ததில்லை. "வேற யார்கிட்டயாவது சொன்னியா, எங்கம்மாதான்னு?" என்று கேட்டாள்.

"மைக்கு புடிச்சி அவ்ளோ பேர் எதிருல சொன்னேன். யாரும் நம்பல."

"யாருமே நம்பலியா?"

"இல்ல."

பெருமூச்சு விட்டாள். அவள் தோள் இரண்டும் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நல்லவேள" என்றாள். "அப்டியே வுட்டுடு பாப்பா. அந்தப் பையனோட அம்மாவாவே இருந்துட்டுப் போவட்டும்."

பூண்டுத் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு பல் உரித்திருப்பாள். "அத இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

"எத?"

"அந்தப் பையன் பாடுனத."

போட்டேன்.